க்ளென்னின் கண்ணும் மேகியின் முகமும்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. செத்தவர்கள் பிணமாகவே எழுந்து மனிதர்களைத் தின்ன அலையும் அந்த அமெரிக்கத் தொடரை, 'தி வாக்கிங் டெட்' (நடைப்பிணங்கள்) தொடரை, முதலிலிருந்து மறுபடியும் பார்த்து வருவதாகச் சொன்னாய். ஏழாவது சீசனின் முதல் எபிசோடைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்து முடித்தேன், தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை என்றாய். "நான் மரத்துப்போய்விட்டேனா அம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். தொலைபேசியில் நீ கேட்பதற்கெல்லாம் நான் என்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றம். 2010 அக்டோபரில் அந்தத் தொடர் அமெரிக்காவில் ஆரம்பமானபோது உனக்கு 13 வயது. அந்த வயதுப் பிள்ளை பார்க்கக்கூடியது அல்ல என்று தெரிந்தேதான் விட்டேன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கும் பார்க்க ஆசை. முதல் எபிசோடிலேயே நான் அதில் விழுந்துவிட்டேன். புல்வெளியில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஊர்ந்து போகும் அந்தப் பெண் பிணம் நினைவிருக்கிறதா? கதாநாயகன் ரிக் அதைத் தேடித் திரும்பிப் போவான். குனிந்து, உனக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருந்திவிட்டுத்தான் சுடுவான். அதே நேரத்தில் இன்னொரு வீட்டின் மாடி ஜன்னலில், பிணமாகித் தெருவில் அலையும் தன் மனைவியைத் துப்பாக்கியால் குறிவைத்துவிட்டு, விசையை அழுத்த முடியாமல் அழுதுகொண்டிருப்பான் மார்கன். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ரத்தம் அதிலும் இருந்தது. ஆனால் சுடுகிறவனுக்கும் வலித்தது.

பிறகு வந்த ஆண்டுகளில் அந்தத் தொடர் எத்தனை மண்டைகளைப் பிளந்தது என்று யாராலும் எண்ண முடியாது. கத்தி, கோடரி, திருப்புளி என்று கைக்கு வந்ததெல்லாம் ஆயுதம். களையெடுப்பதைப்போல நடந்து போய்க்கொண்டே குத்துவார்கள். அதற்காக நான் ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லை. நம் மொழியில் 'நடைப்பிணம்' என்று உயிரோடு இருப்பவனைத்தானே சொல்கிறோம்? ஐந்தாவது சீசனில் ஒரு களஞ்சியத்துக்குள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, நாம்தான் நடைப்பிணங்கள் என்று ரிக் சொன்னபோது, இதைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு ஐந்து சீசன் ஆயிற்றே என்று நான் சிரித்தேன். நீ கோபித்துக்கொண்டாய்.

இப்போது 2016 அக்டோபருக்கு வருகிறேன். உனக்கு 19. விடுமுறைக்கு வந்திருந்தாய். முள்கம்பி சுற்றிய மட்டையோடு எதிரிக் கூட்டத்தின் தலைவன் நீகன் நிற்கிறான். ரிக்கின் ஆட்களில் ஆபிரகாம் முடிந்துவிட்டான். டேரில் பாய்ந்து ஓர் அடி அடித்ததற்குத் தண்டனையாக மட்டை க்ளென் பக்கம் திரும்புகிறது. முதல் அடிகள் விழுந்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். "நர்ஸுக்கே ரத்தம் பயமா?" என்று நீ கூப்பிட்டுக் கேட்டது காதில் விழுந்தது. நான் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமாக நீ அதை அருவருப்பு என்றே நினைத்திருக்கிறாய். இல்லை.

க்ளென்னின் மண்டை உடைந்து, ஒரு கண் பிதுங்கி வெளியே வந்த பிறகும் அவன் பேச முயல்கிறான். மனைவி மேகியைப் பார்த்து, உன்னைத் தேடி வருவேன் என்று குழறுகிறான். அதுதான் என்னை எழுப்பிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் எனக்கு இரவு டியூட்டியாக இருந்த காலத்தில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். தலைக்காயம், விபத்து. நினைவு வந்து வந்து போனது. மனைவியின் தொலைபேசி எண்ணைச் சொல்லப் பார்த்தான். ஏழு இலக்கம் வரை வரும், எட்டாவது வராது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். நான் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருந்தேன். விடிவதற்குள் போய்விட்டான். காயம் எந்தப் பக்கம் இருந்தது என்று இன்று என்னைக் கேட்டால் தெரியாது. அந்த ஏழு இலக்கமும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அன்று காலை டியூட்டி முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அதனால் உன் தட்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலை எதுவும் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. நேற்று அந்தக் காட்சியை நீ எனக்கு விவரித்தாய் அல்லவா? கண்ணை எப்படிச் செய்திருக்கிறார்கள், மட்டை விழும் கோணத்தை எப்படி மறைத்திருக்கிறார்கள், ஒப்பனைக் கலைஞரான கிரெக் நிகோடெரோவே அந்த எபிசோடை இயக்கியதால்தான் வேலை இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றெல்லாம் ஆசையாகச் சொன்னாய். பத்து நிமிடம் பேசியிருப்பாய். அதில் மேகி ஒருமுறைகூட வரவில்லை.

இது உன்மேல் நான் சுமத்தும் பழி அல்ல. உன்னை அப்படிப் பார்க்கப் பழக்கியது அந்தத் தொடரேதான். கொஞ்சம் பின்னால் போய்ப் பார். 2015 அக்டோபரில் க்ளென் பிணக் கூட்டத்துக்கு நடுவே விழுகிறான், குடலை உருவுகிறார்கள், செத்தான் என்றே காட்டினார்கள். தொடக்கத்தில் வரும் பெயர் வரிசையிலிருந்து, க்ளென்னாக நடித்த ஸ்டீவன் யூனின் பெயரையே நீக்கினார்கள். நான்கு வாரம் கழித்து, குப்பைத் தொட்டிக்கு அடியில் ஒளிந்து பிழைத்துக்கொண்டான் என்றார்கள். நீ துள்ளினாய். எனக்கு ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது. அடுத்து 2016 ஏப்ரல். ஆறாவது சீசனின் முடிவில் நீகன், சிறுவர் விளையாட்டில் ஆள் பிரிக்க எண்ணுவதைப்போல ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கேமராவையே அடிக்கிறான். திரையில் ரத்தம் வழிகிறது. யார் செத்தது என்று சொல்லாமல் முடித்துவிட்டார்கள். அடுத்த ஆறு மாதம் உனக்கும் உன் நண்பர்களுக்கும் அதே வேலை. கேமரா எந்த உயரத்தில் இருந்தது, யார் எந்த வரிசையில் மண்டியிட்டிருந்தார்கள், குரலை மட்டும் பிரித்தெடுத்தால் ஏதாவது கேட்குமா? ஒரு மனிதன் அடிபட்டுச் செத்துக்கொண்டிருக்கிறான், நீங்கள் விடுகதை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்டோபரில் திரும்பி வந்தபோதும் உடனே சொன்னார்களா? அடி விழுந்து முடிந்த பிறகான காட்சியில் தொடங்கி, விளம்பரங்களுக்கு நடுவே இழுத்து, அதன் பிறகுதான் பின்னோக்கிப் போனார்கள்.

அந்தத் தொடர் எல்லை மீறியது எங்கே என்று கேட்டால், நான் கை காட்டுவது இந்த ஆறு மாதத்தை. பிதுங்கிய கண்ணை அல்ல.

மூலக்கதை அப்படித்தானே என்று நீ அன்றைக்கும் வாதாடினாய், இன்றைக்கும் வாதாடுவாய். ராபர்ட் கிர்க்மேன் எழுதிய படக்கதையில் 100ஆவது இதழில், 2012இல், க்ளென் இதே மட்டையால்தான் சாகிறான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படக்கதையில் நீகன் வந்ததும் அவன் அடித்ததும் யார் செத்தார் என்பதும் அந்த ஓர் இதழுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. படிக்கிறவனை அரையாண்டு ஊகிக்க விடவில்லை. தவிரவும் மூலக்கதைமேல் அவ்வளவு விசுவாசம் உள்ளவர்கள், அதில் ரிக்குக்கு வெட்டப்பட்ட கையை இந்தத் தொடரில் ஏன் விட்டுவைத்தார்கள்? படக்கதையில் கடைசிவரை உயிரோடு இருக்கும் ரிக்கின் மகன் கார்லை ஏன் எட்டாவது சீசனில் சாகடித்தார்கள்? வேண்டியபோது மாற்றினார்கள், வேண்டியபோது மூலக்கதைமேல் பழியைப் போட்டார்கள்.

அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் பெற்றோர் தொலைக்காட்சி மன்றம் என்ற அமைப்பு கொதித்தது. சேனலை மாற்றிக்கொள் என்பது பதிலாகாது, கேபிள் சந்தா கட்டுகிறவர்கள் பார்க்காவிட்டாலும் இதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எவ்வளவு ரத்தம் என்று அளந்துபார்க்கிறவர்கள் அவர்கள். தயாரிப்பாளர்களில் ஒருவரான கேல் ஆன் ஹர்ட் 2017 ஜனவரியில், எதிர்ப்பைப் பார்த்துவிட்டு அப்போது படப்பிடிப்பில் இருந்த எபிசோடுகளில் வன்முறையைக் குறைத்ததாகச் சொன்னார். குறைத்தால் சரியாகிவிடுமா? அரைக் குவளை ரத்தத்தில் அதே விடுகதையைப் போட்டிருந்தால் எனக்கு அதே கோபம்தான் வந்திருக்கும். அந்த இரவு 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள், அடுத்த வாரமே சுமார் 45 லட்சம் பேரைக் காணவில்லை. அவர்களில் என்னைப்போல ஏமாற்றப்பட்டதாக நினைத்துப் போனவர்கள் எத்தனை பேர், வயிற்றைப் பிரட்டிப் போனவர்கள் எத்தனை பேர், யாருக்குத் தெரியும்?

கொடூரமே கூடாது என்கிறவள் அல்ல உன் அம்மா. அந்தத் தொடரிலேயே மிகக் கொடூரமானது எது என்று கேட்டால் நான்காவது சீசனின் 14ஆவது எபிசோடைச் சொல்வேன். லிஸ்ஸி தன் தங்கை மைக்காவைக் கொன்றுவிட்டு, ரத்தக் கையோடு, பயப்படாதீர்கள், அவள் எழுந்து வந்துவிடுவாள் என்று சிரித்துக்கொண்டு நிற்பாள். பிணங்களோடு விளையாடலாம் என்று நம்பிய குழந்தை. கொலையைக் காட்டவில்லை. பிறகு, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கரோல் அந்தக் குழந்தையைப் பூக்கள் பக்கம் கூட்டிப்போய், பூக்களைப் பார் என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறாள். அப்போதும் குண்டு பாய்வதைக் காட்டவில்லை. தூரத்தில் ஜன்னல் வழியாக, அவர்களோடு இருந்த டைரீஸ் பார்த்துக்கொண்டு நிற்பது தெரியும், அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் செத்த அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சொட்டு அதிகம் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றிரவு நீ விளக்கை அணைக்காமல் படுத்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாவது சீசனின் அந்த எபிசோடிலும் ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயமானவள் ஆகமாட்டேன். கடைசியில் ரிக்கின் மனத்தில் ஒரு நீண்ட மேசை விரியும். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். க்ளென் தன் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறான். நான் சமையலறையிலிருந்து திரும்பி வந்தபோது திரையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொலை முடிந்ததைப் பார்க்காமல் அந்த மேசையைப் பார்த்தவள் நான். நடந்தது என்ன என்று எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

"எல்லாம் ஒப்பனைதானே" என்று சொல்லும்போது ஒன்றை நினைத்துக்கொள். 2017 ஜூலையில் ஜார்ஜியாவில் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு சண்டைக் கலைஞர் மேலிருந்து விழுந்து இறந்துபோனார். படப்பிடிப்பை நிறுத்தினார்கள், பிறகு தொடர்ந்தார்கள். அவரையும் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அங்கேயும் இரவு டியூட்டியிலோ பகல் டியூட்டியிலோ யாரோ ஒருத்தி நின்றிருப்பாள்.

மரத்துப்போய்விட்டேனா என்று கேட்டாய். தையல் போடுவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுவோம். அது வேலை செய்கிறதா என்று நோயாளி அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். நேற்று நீ கேட்டது எனக்கு அப்படித்தான் பட்டது. எனக்கு மரத்துப்போனதில் ஒரு பயன் இருந்தது, கை நடுங்காமல் இருந்தது. உனக்கு அதில் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்லவேண்டும்.

மீதி சீசன்களைப் பார்க்காதே என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கிற வயதும் உனக்கு இல்லை. ஒன்பதாவது சீசனில் ஈட்டிகளில் தலைகளை வரிசையாக நட்டுவைத்திருக்கும் காட்சி வரும்போது மட்டும், வெட்டியதைக் காட்டினார்களா இல்லையா என்று கவனித்து எனக்கு எழுது. நான் பாதியில் விட்டுவிட்டேன், கேள்விப்பட்டதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை இரவு உனக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமா? அந்த 14ஆவது எபிசோடை மறுபடியும் பார்க்கவேண்டும்போல இருக்கிறது, தனியாகப் பார்க்க மனம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டுத் தொலைபேசியைத் திறந்து வைத்துக்கொள்வோம். பேசவேண்டாம். பூக்கள் வரும்போது நான் எழுந்து போகமாட்டேன்.

அன்புடன்,
அம்மா