குப்பைய நீங்க வரைய வேணாம், வழிய வரைங்க: மேப்பிங் பண்ற நம்மூர் பசங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (யாரு வேணாலும் திருத்தக்கூடிய ஆன்லைன் மேப்) உக்காந்து சாட்டிலைட் படத்த பாத்து ஆப்பிரிக்கா ஊருங்கள வரையுற நம்மூர் காலேஜ் தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். நான் தான்சானியாவுல தார் எஸ் சலாம்ல கரியாகோ பக்கம் ஒரு கடையில கணக்கு எழுதுறவன், லீவு நாள்ல இங்க இருக்க பசங்களோட போனை தூக்கிட்டு தெருத்தெருவா மேப்பிங் போவேன். சண்டைக்கு வரல, ஆனா கொஞ்சம் கடுப்புலதான் எழுதுறேன்.

போன மாசம் ம்சிம்பாசி ஆத்தோரமா கிகோகோ பக்கம் போனோம். மேப்ல அங்க ஒரு இடத்த பெருசா குப்பைக்கிடங்குன்னு கட்டம் போட்டு வச்சிருந்தாங்க, யாரு போட்டதுன்னு ஹிஸ்டரி பாத்தா நம்மூர் காலேஜ் டீம் ஒண்ணு (பேரு வேணாம் விடுங்க). நேர்ல போனா அங்க கிடங்கே இல்ல, நாலஞ்சு பொம்பளைங்க தார்ப்பாய் விரிச்சு பிளாஸ்டிக் பாட்டில கலர் வாரியா பிரிச்சு காயப்போட்டுட்டு இருக்காங்க, மூடியெல்லாம் தனியா ஒரு சாக்குல. வயசான ஒரு அம்மாகிட்ட மேப்ப காட்டுனோம். இங்க அம்மாவ 'மாமா'ன்னுதான் கூப்பிடணும், வந்து ஆறு வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் நாக்கு கூசுது. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, இத 'டம்போ'ன்னு (குப்பைக்கிடங்குன்னு) போட்டுட்டா நாளைக்கு முனிசிபாலிட்டி ஆளு வந்து மொத்தத்தையும் அள்ளிட்டு போயிட மாட்டானா? எனக்கு பதிலே வரல.

உங்க மேல மட்டும் தப்பு சொல்லல, சாட்டிலைட் படத்துல அது குப்பை மாதிரிதான் தெரியும். ஆத்தங்கரையில இன்னொரு கூத்து இருக்கு, கரை அரிச்சு வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு ஜனங்களே குப்பைய கொட்டி மண்ண போட்டு மேடாக்குறாங்க, மேல இருந்து பாத்தா அதுவும் குப்பைமேடு, கீழ நின்னு பாத்தா அது அவங்க வீட்டோட அஸ்திவாரம். அப்புறம் மார்ச்சுல இருந்து மே வரைக்கும் 'மசிகா' மழை, அது வந்தா பாதி மேடு அடிச்சுட்டு கடலுக்கே போயிடும், மழை கொட்டுறப்பவே மூட்டைய வாய்க்கால்ல தள்ளி விடுறவங்களும் உண்டு, அப்ப ரெண்டு வருஷத்துக்கு முந்தின படத்த வச்சு நீங்க போட்ட கட்டத்துக்கு என்ன அர்த்தம்?

2015ல இங்க 'ரமானி ஹுரியா'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, திறந்த மேப்னு அர்த்தம். யுனிவர்சிட்டி பசங்களும் அந்தந்த ஏரியா ஆளுங்களும் சேர்ந்து வெள்ளம் வர்ற இடம், வாய்க்கால் எல்லாத்தையும் கால்நடையாவே போய் எடுத்தாங்க. நாங்களும் அப்படித்தான், ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு போட்டோ, தேதி, எரிக்கிறாங்களா, பக்கத்துல வாய்க்கால் இருக்கா, யாரு கொட்டுறாங்க. கடைசி கேள்விக்கு மட்டும் எல்லாரும் பக்கத்து தெருவத்தான் கைகாட்டுவாங்க, அது எந்த ஊரா இருந்தாலும் அப்படித்தான் போல.

நாங்க பாத்த வரைக்கும் குப்பை சேர்றதுக்கு காரணம் ஜனங்க சோம்பேறித்தனம் இல்ல. ஊருக்கு வெளிய புகு கின்யாம்வேசியில பெரிய கிடங்கு இருக்கு, ஆனா அங்க போற லாரி இந்த சந்துக்குள்ள நுழையாது, கைவண்டிக்காரன்தான் வீடு வீடா வந்து காசு வாங்கிட்டு எடுக்கணும், வண்டியும் போகாத சந்துல, இல்ல காசு குடுக்க முடியாத வீட்டுல, குப்பை எங்க போகும்? வாய்க்காலுக்குத்தான்.

அதனாலதான் கேக்குறேன், குப்பைய விட்டுடுங்க. நீங்க அங்க இருந்து நல்லா பண்ணக்கூடியது வீடும் பாதையும். எந்த சந்து எங்க முட்டி நிக்குது, லாரி எது வரைக்கும் வரும்னு மேப்ல இருந்துச்சுன்னா மிச்சத்த நாங்க நடந்து பாத்துக்குவோம். படத்துல குப்பை மாதிரி ஏதாவது தெரிஞ்சா கட்டம் போடாம ஒரு நோட் மட்டும் போடுங்க, "இது என்னன்னு பாருங்க"ன்னு, போதும்.

அந்த கட்டத்த நான் அழிச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. வர்ற சனிக்கிழமை இதே ஊர்ல ஹனனாசிஃப்ங்கிற ஏரியாவுக்கு போறோம், அங்க ஆத்துப்பக்கம் பாதி சந்து இன்னும் மேப்ல ஏறல. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள யாராவது முடிச்சு குடுத்தா போன்ல டவுன்லோட் பண்ணிட்டு கிளம்பிடுவோம்.