செயலாளரின் ஆண்டறிக்கை: வறட்சியும் நம் மரங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் தோட்டச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த அறிக்கையில் மரங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மழை பொய்த்ததும் புல்தரையும் பூச்செடிகளும் முதலில் கருகின. எல்லோரும் அவற்றைக் காப்பாற்றவே ஓடினோம். புல்லுக்கு வேரில் உயிர் இருந்தால் நல்ல மழையில் துளிர்த்துவிடும். பூச்செடியை மறுபருவத்தில் விதைக்கலாம். வளர்ந்த மரம் போனால் அந்த நிழல் திரும்ப ஒரு தலைமுறை ஆகும். இருந்த கொஞ்சத் தண்ணீரை மரங்களுக்கு, அதிலும் நட்டு 2, 3 ஆண்டுகூட ஆகாத கன்றுகளுக்கு, முதலில் கொடுத்திருக்க வேண்டும். செயற்குழு இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தது.

தண்ணீர் விட்ட முறையும் சரியில்லை. தினமும் அடிமரத்தில் ஒரு வாளி ஊற்றி வந்தோம். ஒருநாள் கம்பியால் குத்திக் கிளறிப் பார்த்தால், ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே மண் பொடியாக இருந்தது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள், கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் பரவியிருப்பவை. அப்புறம்தான் விளிம்பை ஒட்டி வட்டப்பாத்தி கட்டி, சில நாள் இடைவெளி விட்டு, மண் நன்றாக ஊறும்வரை மெதுவாகப் பாய்ச்சினோம். மேலே 5 முதல் 10 செ.மீ. சருகு மூடாக்கு, அடிமரத்தைத் தொடாமல். உரத்தை நிறுத்தினோம், காய்ந்த மண்ணில் உர உப்பு வேரைக் கருக்கும்.

வாசலோரத்து மரத்தை வெட்டியதுதான் மனதை அறுக்கிறது. இலை முழுக்க உதிர்ந்ததால் பட்டுவிட்டது என்று முடிவு செய்தோம். வெட்டிய கிளையில் பட்டைக்கு அடியில் பச்சை இருந்தது. நீர் இழப்பைக் குறைக்கத்தான் அந்த மரம் இலையை உதிர்த்திருக்கிறது. சுள்ளியை நகத்தால் கீறிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான்தான் கையெழுத்துப் போட்டேன். உறுப்பினர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மழை பெய்துவிட்டது, ஆனால் பாதிப்பு தீரவில்லை. கடும் வறட்சியில் மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து, நீர் ஏறும் பாதை அறுந்துபோகும். செத்த சிறுவேர்கள் மீண்டும் வளரக் காலம் பிடிக்கும். அதனால் உச்சிக்கிளை காய்வது ஓரிரு ஆண்டு கழித்துக்கூடத் தெரியலாம். தளர்ந்த மரத்தைத் துளைக்கும் வண்டுகளும் இந்தக் காலத்தில்தான் வரும். அடிமரத்தில் சிறு துளையோ மரத்தூளோ கண்டால் உடனே சொல்லுங்கள்.

எனவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. மழை நின்ற வாரங்களில் தண்ணீர் முறைப்பட்டியல் இன்னும் 2 ஆண்டு தொடர வேண்டும். ஆள்மேல் விழும் நிலையில் இருக்கும் காய்ந்த கிளைகளைத் தவிர, அதுவரை எந்த மரத்திலும் வாள் வைக்கக் கூடாது. ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்