பாட்டியின் மூக்குத்தி

திருவல்லிக்கேணி

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் "பாட்டி முகமே ஞாபகம் வரமாட்டேங்குதும்மா" என்று சொல்லிவிட்டு நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். ராத்திரியெல்லாம் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பரண்மேலிருந்து ஆல்பத்தை இறக்கிவிட்டேன். உன் அத்தை கல்யாணத்து குரூப் போட்டோ, அறுபது தலையாவது இருக்கும், பாதி மங்கிப்போய்விட்டது, ஆனாலும் கண் நேராகப் பாட்டியிடம்தான் போய் நின்றது. தேடவே இல்லை. உனக்கும் அப்படித்தான் ஆகும், பந்தயம் வைக்கிறேன்.

முகத்தை மனதில் வரவழைப்பது வேறு, பார்த்ததும் கண்டுகொள்வது வேறு. 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் என்ற உளவியலாளர் சிலருக்கு ஐந்து நாட்களில் 10,000 படங்களைக் காட்டினார், ஒவ்வொன்றும் ஐந்தே வினாடி. இரண்டு நாள் கழித்து, பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் 100-க்கு 83 தடவை சரியாகக் காட்டினார்கள். அவர்களிடமே பேப்பரைக் கொடுத்து, பார்த்ததையெல்லாம் எழுது என்றிருந்தால் நூறு தேறியிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

நம்ம உழைப்பாளர் சிலையையே எடுத்துக்கொள். காலேஜ் பஸ்ஸில் எத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போனாய்? சரி, அதில் எத்தனை பேர் பாறையைத் தள்ளுகிறார்கள், சொல் பார்ப்போம். நான் மூன்று என்றேன், எதிர் வீட்டு மாமி ஆறு என்றார், அதுவும் தினமும் அந்தப் பக்கம் வாக்கிங் போகிறவர்! நான்கு பேர். 1959-இலிருந்து அங்கேயேதான் இருக்கிறார்கள்.

அப்புறம் திண்ணையில் பாட்டி முறத்தோடு உட்கார்ந்திருக்கிற போட்டோ. முறம் முழுசாக, பாட்டியின் பாதம்கூட அதில் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பாதி முறம், முழங்காலோடு சரி. உன் தாத்தா எடுத்த படமாச்சே, கேட்பானேன். ஆனால் இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது, 1989-இல் ஹெலன் இன்ட்ராப் என்பவரும் கூட ஒருவரும் செய்தது: பார்த்த போட்டோவை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னால், ஓரத்தில் வெட்டுப்பட்டதையெல்லாம் ஜனங்கள் தாங்களாகவே முழுசாக்கி வரைந்துவிடுகிறார்களாம்.

போட்டோவை வேண்டுமென்றேதான் இன்னும் அனுப்பவில்லை. பாட்டிக்கு மூக்குத்தி ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? முதலில் உன் பதில் வரட்டும், அப்புறம் வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். உங்கப்பா தப்பாகச் சொல்லியாச்சு, பெற்ற அம்மா மூக்கு!

அம்மா