ஸ்பைன் போர்டில் எவ்வளவு நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் கழுத்தில் காலர் (கழுத்தைத் தாங்கும் பட்டை) மாட்டி, ஸ்பைன் போர்டு என்ற தட்டையான நீளப் பலகையில் இறுக்கிக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முறை இப்போது மாறிவிட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துக் குழுவும் அவசர மருத்துவர் அமைப்புகளும் 2018-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, எந்தக் கருவியாலும் முதுகெலும்பைத் துளியும் அசையாமல் பூட்ட முடியாது, அசைவைக் குறைக்கத்தான் முடியும் என்று ஒப்புக்கொண்டது. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரின் மெத்தையில் நேராகப் படுக்கவைத்து வாரைக் கட்டினாலே அந்த வேலை நடந்துவிடும்.

மதுரை வட்டாரத்துக்கு இந்த மாற்றம் பாதிதான் வந்திருக்கிறது. ஒருபக்கம், எல்லோரையும் போர்டில் கட்டும் பழைய வழக்கம் தொடர்கிறது. இன்னொருபக்கம், “இப்பல்லாம் காலரும் வேணாம், போர்டும் வேணாமாம்” என்று யாரோ சொன்னதை நம்பி எந்தக் கவனமும் இல்லாமல் தூக்கிப்போட்டு வருகிறார்கள். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

போர்டு என்பது ஆளை இடிபாட்டிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே எடுத்து ஸ்ட்ரெச்சர் வரை கொண்டுசேர்க்கும் சாதனம். முதுகு வளைவானது, போர்டு தட்டையானது. நல்ல உடம்புக்காரரை அரைமணி நேரம் அதில் படுக்கவைத்தாலே வலி எடுக்கும். தண்டுவடம் அடிபட்டவருக்கோ அந்த வலியே தெரியாது. பின்மண்டை, இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு மேடு, குதிகால் ஆகிய இடங்களில் ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கினாலும் அவர் சொல்லமாட்டார். அங்கே வரும் படுக்கைப்புண் ஆற வாரங்கள் ஆகும். அதுவரை உட்காரவைக்கவும் முடியாது, பிசியோதெரபியும் தள்ளிப்போகும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் அடிபடுகிறவர் முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, சி.டி. ஸ்கேனுக்குக் காத்திருந்து முடிக்கும்வரை ஒரே போர்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். ஸ்கேன் முடிவு வரட்டும் என்று போர்டை விட்டுவைக்கத் தேவையில்லை. மருத்துவமனைக்குள் வந்ததும் நான்கு பேர் சேர்ந்து எடுத்துவிடலாம். தலைமாட்டில் நிற்பவர் தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்ல வேண்டும். மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் என்று பிடித்து, உடம்பு ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரட்டியதும் போர்டை உருவிவிட வேண்டும். ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் இருந்தால் இன்னும் நல்லது. நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் உடம்புக்கு அடியில் நுழைவதால், ஆளை முழுதாகப் புரட்டாமல் லேசாகச் சாய்த்தால் போதும்.

காலரிலும் கவனம் தேவை. அளவு பெரிதானால் தாடையை மேலே தள்ளிக் கழுத்தை இழுக்கும். இறுக்கமானால் கழுத்தின் ரத்தக்குழாய்களை அழுத்தி, தலையில் அடிபட்டவருக்கு மூளையின் அழுத்தத்தை ஏற்றும். வயதால் முதுகு கூன் விழுந்தவரின் தலையைப் போர்டில் படியும்படி அழுத்தி நேராக்குவது, முறியாத எலும்பையும் முறிக்கும். அவருக்கு எந்த நிலை இயல்போ அந்த நிலையிலேயே தலைக்கு அடியில் துணியை மடித்து வைக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு இது தலைகீழ். தலை பெரிது என்பதால் படுக்கவைத்தால் கழுத்து முன்னால் மடங்கும். துணி தோளுக்கு அடியில் போக வேண்டும். போர்டில் கட்டியே ஆக வேண்டிய இடத்தில் முதலில் உடம்பு, கடைசியில்தான் தலை. தலையை முதலில் கட்டிவிட்டு உடம்பு சரிந்தால் பாரம் முழுக்கக் கழுத்தில் விழும். கட்டப்பட்டவர் வாந்தி எடுத்தால் போர்டோடு சேர்த்துப் பக்கவாட்டில் சாய்க்க ஆட்கள் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

யாருக்குக் கவனம் தேவை? கழுத்திலோ முதுகிலோ நடு எலும்பைத் தொட்டால் வலிப்பவர், கைகால் மரத்தவர் அல்லது பலம் குறைந்தவர், நினைவு தெளிவில்லாதவர், குடித்திருப்பவர், தொடையெலும்பு முறிவு போன்ற பெரிய வலியால் கழுத்து வலியை உணராமல் இருக்கக்கூடியவர். நான்குவழிச் சாலையில் கார் மோதி, இதில் எதுவுமே இல்லாமல் காருக்குள் தெளிவாகப் பேசுகிறவரை நான்கு பேர் சேர்ந்து இழுக்க வேண்டாம். தலையை நேரே வைத்துக்கொண்டு மெதுவாகத் தானே இறங்கச் சொல்லலாம். பிறர் இழுக்கும்போது அசைவதைவிட அப்போது கழுத்து குறைவாகவே அசையும்.

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் நிற்கும் மருத்துவக் குழுக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வயிற்றிலோ மார்பிலோ கொம்பு குத்திய காயம் மட்டும் என்றால் காலருக்கும் போர்டுக்கும் நேரத்தைச் செலவிடக் கூடாது. ரத்தத்தை அடக்கி உடனே கிளப்ப வேண்டும். ஆனால் மாடு தூக்கி எறிந்து தலைகுப்புற விழுந்தவர் வேறு வகை. அவருக்குக் கழுத்தைக் காக்க வேண்டும்.

நம் கிராமங்களில் தென்னை, பனை மரத்திலிருந்து விழுகிறவர்களும் கிணற்றில் விழுகிறவர்களும் உண்டு. விழுந்தவரை உட்காரவைத்துச் சோடா கொடுப்பதும், “எழுந்து நட பார்ப்போம்” என்பதும், இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தொட்டில்போலத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப்போடுவதும்தான் பெருந்தீங்கு. 108-ஐ அழைத்துவிட்டு, ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை இருக்கிற நிலையில் பிடித்துக்கொண்டால் போதும். இழுக்கவோ திருப்பவோ வேண்டாம். தொண்டையில் களகள சத்தம் வந்தால் மூச்சுக்குத்தான் முதலிடம்: தலை, தோள், இடுப்பு ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரட்ட வேண்டும். வண்டி வரவே வழியில்லை என்றால் கதவையோ பெஞ்சுப் பலகையையோ வைத்துத் தூக்கிக் குட்டியானை வண்டியில் நீட்டிப் படுக்கவைக்கலாம். தொய்ந்த கயிற்றுக்கட்டில் கூடாது. உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பயந்து விலகத் தேவையில்லை.

சிறிய மருத்துவமனைகளில் கவனிக்க வேண்டிய அறிகுறி: ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், ஆனால் நாடி வேகமாக இல்லாமல் மெதுவாக ஓடும், கைகால் கதகதப்பாக இருக்கும். இது தண்டுவடம் அடிபட்டதால் ரத்த அழுத்தம் விழும் நிலையாக (ஷாக்) இருக்கலாம். ஆனாலும் உள்ளே ரத்தம் கசியவில்லை என்று உறுதியாகும்வரை அப்படி முடிவுகட்டக் கூடாது. மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனால் அடிபட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் போதாமல் சேதம் கூடும். அதைச் சரிசெய்யாமல் வண்டி ஏற்ற வேண்டாம்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் ரெஃபரல் சீட்டில் இரண்டு வரி சேர்த்துத்தாருங்கள்: போர்டில் வைத்த நேரம், எடுத்த நேரம், கைகால் அசைவு வண்டியில் ஏற்றும்போது எப்படி, இறக்கும்போது எப்படி.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பணியில் உள்ள சிலர்,
மதுரை.