மூலையில் நிற்கும் மீனைப் பற்றி

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பின் பிள்ளைக்கு,

அம்மாவும் நானும் சுகம். மூன்று கிழமையாக உன்னிடமிருந்து "பிஸி அப்பா" என்று ஒரு வரிதான் வருகிறது. கதைத்தாலும் கமராவைப் போடுகிறாய் இல்லை. சரி, வேலையாக இருக்கும்.

நீ கடைசியாக அனுப்பிய தொட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல் அடுக்கு நல்ல வடிவு. அடிக் கல்லை முதலில் கண்ணாடியில் இருத்தி, அதற்குப் பிறகு மணல் போட்டிருக்கிறாய். மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் சரியாது. அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, நீயாகவே யோசித்துச் செய்திருக்கிறாய். அம்மாவிடமும் காட்டினேன்.

ஆனால் பில்டர் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில் ஒரு பெண் மீன் நிற்கிறது. மஞ்சளில் கறுப்புக் கோடு. வால் கிழிந்திருக்கிறது, செட்டையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. அதை உடனே எடு. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரைகூடப் பார்த்திருக்காதே.

ஓராட்டஸ் வாங்கினேன் என்று நீ சொன்னபோதே எனக்கு மனம் சரியில்லை. ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்களில் வடிவுக்குப் பேர்போனது, முரட்டுத்தனத்துக்கும் அப்படியே. கடையில் ஒரு அங்குலக் குஞ்சாக இருக்கும்போது எல்லாமே மஞ்சளும் கறுப்பும்தான், எது ஆண் என்று தெரியாது. வளர்ந்து, ஆணின் உடம்பு கறுத்துக் கோடு வெளிறும்போதுதான் தெரியவரும். அதற்குள் அது ஒரு கல்லைப் பிடித்துத் தன் இடமாக்கியிருக்கும். ஏரியிலென்றால் துரத்துப்படுகிற பெண் அப்பால் நீந்திப் போய்விடும். உன்னுடைய மூன்றடித் தொட்டியில் இருப்பது 130 லீட்டர், எங்கே போகும்? ஒரு ஆணுக்கு நீ வைத்திருப்பது ஒரே ஒரு பெண், முழு நாளும் துரத்தல் அந்த ஒன்றுக்குத்தான். இந்த இனத்துக்குக் குறைந்தது நாலடித் தொட்டி வேண்டும். அகலமும் உயரமும் ஒன்றரை அடியென்றால் 255 லீட்டர் வரும். ஒரு ஆணுக்கு ஐந்தாறு பெண், வேறு மலாவி மீன்களும் கொஞ்சம் நெருக்கமாக. அப்போது அடி பலதுக்கும் பிரிந்துபோகும்.

மேல் மூலைக்கு வருகிற மீன், தொட்டியில் வேறு எங்கும் நிற்க விடாததால்தான் அங்கே வருகிறது. பிறகு செதில் போகும். காயத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சாப்பாடு எடுக்காது. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் மிதக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்களுக்குத் தொட்டி வடிவாகத்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். அதன் தாடை கொஞ்சம் தொங்கி, தொண்டை புடைத்தமாதிரி இருக்கிறது. இந்த இனத்தில் தாய் வாய்க்குள் வைத்துத்தான் அடைகாக்கும், சாப்பிடாமல் வாயை மென்றுகொண்டே நின்றால் வாய்க்குள் முட்டை இருக்கிறது. அப்படியென்றால் வலையால் அள்ளாதே, பயத்தில் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். லைட்டை அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து, அகல வாய்ப் போத்தலைத் தண்ணிக்குள் அமிழ்த்தி, கையால் மெதுவாக அதற்குள் தள்ளி, தண்ணியோடு தூக்கு. குஞ்சு வெளியே வர 21 முதல் 28 நாள். முட்டையை அது வாயில் எடுத்த நாள் தெரிந்தால் 18 ஆம் நாளுக்குப் பிறகு குஞ்சுகளை நீயே வெளியே எடுத்துவிடலாம். கையை நனைத்துக்கொண்டு, வாளித் தண்ணிக்கு மேல் தலைகீழாகப் பிடித்து, கீழ்த்தாடையை நகத்தால் மெல்ல இறக்கு. பன்னிரண்டு வயதில் இங்கே எங்கள் மஞ்சள் மலாவி மீன், யெலோ லெப் ஒன்றின் வாயிலிருந்து 17 குஞ்சு ஒன்றும் சாகாமல் எடுத்தவள் நீ, கை மறந்திருக்காது. 10 நாளுக்கு முன் துப்பினால் முட்டை தானாகப் பிழைக்காது. காற்றுக் குழாய் வைத்த முட்டைக் குழலில் மெதுவாகப் புரண்டபடி இருக்க வேண்டும், அடியில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

தனித்தொட்டி இரண்டடி போதும், 60 லீட்டர். பெரிய தொட்டித் தண்ணியாலேயே நிரப்பு. ஸ்பொன்ஜ் பில்டர் புதிதாக இருந்தால் பயனில்லை. பெரிய தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடினதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமோனியா ஏறும். மூன்றங்குல பிவிசி குழாய்த் துண்டொன்று, ஒளிக்க இடம். 26 பாகை. லைட் வேண்டாம். 20 லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அயடின் இல்லாத உப்பு. வாயில் முட்டை இல்லையென்றால் இரண்டாம் நாளிலிருந்து ஸ்பிருலினா ஃபிளேக்ஸ் கொஞ்சம். இரத்தப்புழு கொடுக்கவே கொடுக்காதே. பாசி மேய்கிற மீனின் குடலுக்கு அது ஒத்துவராது. மன உளைச்சலும் சேர்ந்தால் வயிறு ஊதி, வெள்ளை நூல்போலக் கழிவு போகும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கடினம்.

தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், போன முறை நீ வாளியில் ஒரு இரவு வைத்து ஊற்றுகிறேன் என்றாய். அது இங்கே குளோரினுக்குச் சரி. ரொறன்ரோவில் குளோரமின் போடுகிறார்கள், அது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது, வாளியில் வைத்தால் போகாது. கொண்டிஷனர் போடு, அமோனியாவையும் பிடிக்கிறதா என்று போத்தலில் பார்த்து வாங்கு. குளோரமினை உடைத்தால் அமோனியா மிஞ்சும். ஆபிரிக்கத் தொட்டியின் பிஎச் 8க்கு மேலே இருப்பதால் அந்த அமோனியா சாதாரணத் தொட்டியைவிடப் பல மடங்கு நஞ்சு. கிழமைக்கு 30 வீதம் மாற்று. பனிக்காலத்தில் பைப் தண்ணியை அப்படியே ஊற்றாமல் சூட்டைச் சரிபார். இங்கே அம்பத்தலையிலிருந்து வருகிற களனி ஆற்றுத் தண்ணி மென்மையானது, இந்த மீன்களுக்குக் கடின நீர் வேண்டும். 20 லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச் சோடா, ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு என்று கலந்துகொண்டிருக்கிறேன். ஊரில் கோண்டாவில் கிணறென்றால் சுண்ணாம்புத் தண்ணி, ஒன்றும் வேண்டாம், அப்பப்பாவின் கேத்திலுக்குள் படிந்திருந்த வெள்ளையை நினைத்துப் பார்.

எழுதிக்கொண்டே போகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஜூலையில் நீ "துரத்துது அப்பா" என்றபோது, கல்லை மாற்றி அடுக்கு, இரண்டு கிழமையில் அடங்கும் என்று சொன்னேன். அது பிழை. அந்த அளவுத் தொட்டியில் ஓராட்டஸ் ஆண் அடங்காது. எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதற்கு முதல், தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் நீ ஃபோனில் விம்மினபோதும் அப்படித்தான் சொன்னேன். புதுசில் எல்லாரும் இப்படித்தான், பொறுத்துப் போ பிள்ளை, அவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்றேன். என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்று கையை நீட்டினவ, ஃபோனை அவவிடம் கொடுக்காமல் வைத்துவிட்டேன். சனம் என்ன சொல்லும் என்பதுதான் அந்த நேரம் என் மனதில் நின்றது. சின்னமாமியின் கதையை இந்த வீட்டுக்குள் இருந்து பார்த்தவன் நான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குப் பிறகுதான் நீ கமராவைப் போடாமல் விட்டாய், அதுவும் எனக்குத் தெரியும்.

எடுத்த பெண்ணைத் திருப்பி அந்த ஆணோடு விடாதே. கல்லை மாற்றலாம், நடுவில் கண்ணாடி வைக்கலாம் என்று எவரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். கேட்காதே. குஞ்சு வந்த பிறகும் தாய்க்குப் பத்து நாளாவது தனியாகச் சாப்பாடு கொடு, மூன்று கிழமைப் பட்டினி. ஆணைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. ஆற்றில் ஏரியில் விடாதே.

குஞ்சுக்குச் சாப்பாடு ஆர்ட்டீமியா, உப்புத்தண்ணிச் சின்ன இறால். அதன் முட்டை பொரிக்க: ஒரு லீட்டர் தண்ணிக்கு 25 கிராம் உப்பு, 28 பாகை, கீழிருந்து பலமாகக் காற்று, 24 மணித்தியாலத்தில் பொரிக்கும். உங்கள் வீட்டுக் குளிருக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வை. முட்டைக் கோது விழாமல் வடி.

இங்கே யெலோ லெப் இரண்டு வாயில் முட்டையோடு நிற்கின்றன. 2022 இல் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினபோது வாங்கின பற்றரிப் பம்ப் இன்னும் வேலை செய்கிறது. சின்னமாமி இருந்த அறைக்குப் போன கிழமை பெயின்ற் அடித்தோம், நிறம் அம்மா தெரிவுசெய்தது. அந்த ஜன்னலுக்குக் கீழே இரண்டடித் தொட்டி காலியாகத்தான் இருக்கிறது. ஸ்பொன்ஜை நான் நிப்பாட்டவில்லை, எந்த நாளும் ஆயத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

டிக்கெட் காசைப் பற்றி யோசிக்காதே. உங்களுக்கு இரவு 8 என்றால் இங்கே விடிய 5.30, பம்ப் பார்க்க எழும்பியிருப்பேன். வேறு நேரமென்றாலும் எடு. இந்த முறை ஃபோனை முதலில் அம்மாவிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா