கழுத்து ஒப்பரேஷன் வார்டு டாக்டர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சேர், மிஸ்மார் எல்லாருக்கும்,

எங்கம்மா தோட்டத்துல 30 வருஷமா தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. விரலெல்லாம் மரத்து, ஜாக்கெட் கொக்கி மாட்ட ஏலாம, நடக்கையில தள்ளாடி, எடுக்குற கிலோ கொறஞ்சு அரைப்பேரு (அரைநாள் சம்பளம்) விழ ஆரம்பிச்ச பொறவுதான் ஸ்கேன் வரைக்கும் போனோம், கழுத்துல தண்டுவடம் நசுங்குதுன்னு நீங்க ஒப்பரேஷன் செஞ்சீங்க. தள்ளாட்டம் கொறஞ்சிருச்சு, அதுக்கு கையெடுத்து கும்புடுறேன்.

ஆனா மூணாம் நாள் வலது கைய தோளுக்கு மேல தூக்க ஏலல. விரல் ஆடுது, பிடி இருக்கு, தலை சீவ மட்டும் கை எழும்பல. ரவுண்ட்ல சிங்களத்துல என்னமோ சொன்னாங்க, கார்டுல இங்கிலீஷ்ல ஒரு வரி, அவ்வளவுதான். லயத்துக்கு (தோட்டத்து லைன் வீட்டுக்கு) வந்தா பக்கத்து காம்பரா அத்தை நரம்ப வெட்டிட்டாங்கன்னு அழுகுது, மாமா எண்ணெய் போட்டு கழுத்த உருவ ஆளே கூட்டிட்டு வந்துட்டாரு (நல்லவேளை அம்மா தொட விடல).

ரெண்டு மாசம் கழிச்சு கிளினிக்ல தமிழ் தெரிஞ்ச பிசியோ மிஸ் ஒருத்தங்க அஞ்சே நிமிசத்துல வெளங்கப்படுத்தினாங்க. அது சி5 நரம்பாம், கழுத்துல இருந்து தோளுக்குப் போற நரம்பு. நசுக்கம் எடுத்த பொறவு தண்டுவடம் நகரும்போது அந்த நரம்பு இழுபடுதுன்னு ஒரு விளக்கம் இருக்காம், காரணம் இன்னும் முழுசா தெரியாதாம். நெறைய பேருக்கு மாசக்கணக்குல திரும்பிருமாம், சிலருக்கு ரெண்டு வருஷமும் ஆகுமாம், அதுவரைக்கும் தோள் இறுகாம பயிற்சி செய்யணுமாம். இத மூணாம் நாளே சொல்லியிருந்தா ரெண்டு மாச பயிற்சி வீணாப் போயிருக்காதே சேர்.

நாங்க கேக்குறது தமிழ்ல ஒரே ஒரு தாள். முன்கழுத்து வழியா செஞ்சா கொரல் கம்மலாம், அபூர்வமா ஒரு பக்க இமை தொங்கி கண்பாவை சிறுத்துப் போகலாம், இதெல்லாம் வந்தா யாருகிட்ட காட்டணும்னு போடுங்க. கழுத்து வீங்கி மூச்சு முட்டினா, கைகால் திடீர்னு சோர்ந்தா, மூத்திரம் நின்னா விடியிற வரைக்கும் காத்திருக்காம 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுக்கணும்னு பெரிய எழுத்துல போடுங்க, உள்ள ரத்தம் கட்டி தண்டுவடத்த அமுக்கினா நேரம் போகப்போக கை கால் திரும்புறது கஷ்டம், எங்க டிவிசன்ல இருந்து மெயின் ரோட்டுக்கு எறங்கவே முக்கா மணித்தியாலம்.

டைப் பண்ண ஆளில்லன்னா நான் பண்ணித் தாறேன். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோட வருவேன், பென்டிரைவும் கொண்டு வாறேன்.