29சி பஸ்ஸில் வந்தவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போன 29சி பஸ்ஸில் என்னோடு வந்தவர்களுக்கு வணக்கம். உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அடையாளம் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். லஸ்ஸில் ஏறிய அந்தப் பெரியவர் கம்பியைப் பிடிக்க முடியாமல் தள்ளாடினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு வாய் குழறியது. சரி, வெளிச்சம் இருக்கும்போதே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றேன். இன்னும் நாலு பேர் அப்படியே நகர்ந்ததைப் பார்த்ததில் ஒரு நிம்மதி வேறு.

பூக்கூடை அக்கா, நீங்கள் மட்டும்தான் எழுந்து அவர் பக்கம் போனீர்கள். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடியும் இல்ல ஒண்ணும் இல்ல, சுகர் எறங்கிப்போச்சு. எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். யார்கிட்டயாவது இனிப்பா ஏதாச்சும் இருக்கா?" என்று ஒரு சத்தம் போட்டீர்கள்.

நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் பெரும்பாலும் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். "ரெண்டு அடையாறு" என்று நீட்டிய காசு கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் கை மாறித் திரும்பி வரும். அன்றைக்கு அதே வழியில் முன்பக்கத்திலிருந்து ஒரு ஜூஸ் பாக்கெட் வந்தது. ஏழெட்டுக் கை தாண்டி என் கைக்கும் வந்தது. நான் செய்த ஒரே உதவி, அதை அடுத்த கைக்குத் தள்ளியதுதான். கொடுத்தனுப்பிய தங்கச்சி காலேஜ் பையோடு அடையாறிலேயே இறங்கிப் போய்விட்டாள், காசும் வாங்கவில்லை.

யாரோ சாக்லேட்டைப் பிரித்தபோது அக்கா தடுத்தார்: "அது மெதுவாத்தான் ஏறும், ஜூஸே குடு. நெனவு இருக்கும்போதே குடுத்துடணும். மயங்கிட்டா வாயில ஊத்தக் கூடாது, பொரையேறிடும்." அப்புறம் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் அளவுக்கு, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ அரை டம்ளர் ஜூஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். அக்கா கையில் கடிகாரம்கூட இல்லை. ஆனால் செய்தது அதேதான்.

டிரைவர் அண்ணன் மந்தைவெளி தாண்டி ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். "ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் சார், லேட் ஆகுது" என்று முனகிய கண்ணாடிக்காரரே, அடுத்த நிமிடம் இறங்கி ஓடி இரண்டு பன் வாங்கி வந்தவரும் நீங்கள்தான். உங்களுக்கு மட்டும் நன்றி கொஞ்சம் சிரிப்போடு.

பெரியவருக்குப் பேச்சு தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நான் டிக்கெட் எடுத்துட்டேனா?" இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, ஏதோ வேலையாக அலைந்ததில் சாப்பாடு தள்ளிப் போய்விட்டதாம். 108-க்குப் போன் போடட்டுமா என்ற கண்டக்டரிடம் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டார். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த தம்பி, நீங்கள் அவரோடு அடையாறில் இறங்கி ஆட்டோவில் ஏறியதை ஜன்னல் வழியே பார்த்தேன். வீடு வரைக்கும் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. அவர் வியர்வையைத் துடைக்க யாரோ கொடுத்த நீலக்கட்டம் போட்ட துண்டு எப்படியோ என் கையில் தங்கிவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தினமும் ஆறு மணி வாக்கில் லஸ்ஸில் 29சி ஏறுவேன்; பின்படிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்னாடி உட்கார்ந்திருந்தால் ஒரு குரல் கொடுங்கள், கை மாற்றி அனுப்பிவிடுகிறேன்.